ஒன்பதாம் மாடியின் பின்பக்கம்

என் ஆசை அப்பா,

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். "அவ்ளோ ஒசரத்துக்குத் தண்ணி எப்பிடி ஏறும்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்களே, மோட்டார்தான் அப்பா. மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து ஒவ்வொரு மாடிக்கும் விடுகிறார்கள். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீங்கள் அண்ணாந்து பார்த்தபடி நிற்பீர்களே, சாந்தோம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த அந்த உருண்டைக் கட்டடம், அது முடிந்துவிட்டது. உச்சிவரை நீலக் கண்ணாடி. லிஃப்ட்டும் கண்ணாடி, வெளிப்பக்கமாகவே ஏறி இறங்குகிறது. "எந்த மகராசன் இதுல குடிவரப் போறானோ" என்பீர்கள். சிரிக்காதீர்கள், ஞாயிறு பூசை முடிந்து நானும் அம்மாவும் அங்கேதான் வீடு பார்க்கப் போனோம்.

நம் வாடகை வீட்டை ஓனர் இடிக்கப் போகிறார், பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். உங்கள் பி.எஃப். பணமும் என் டீச்சர் சம்பளத்துக்குக் கிடைக்கும் கடனும் சேர்ந்தால், அங்கே பின்பக்க வீடு ஒன்று கைக்கு எட்டுகிறது. கடல் பார்த்த முன்பக்கத்தைக் கனவிலும் நினைக்க முடியாது. அதே அளவு, அதே தரை, அதே லிஃப்ட். பின்பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு மலிவு?

அம்மாவைக் கிளப்பியதே பெரும்பாடு. நீங்கள் போனதிலிருந்து எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பதோடு சரி. அம்மாவுக்குப் பிடிக்காத வீடு எனக்கும் வேண்டாம் என்று இருந்தேன். லிஃப்ட்டில் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே வந்தது.

வீடு காட்ட வந்த கட்டட மேனேஜர் சமையலறையைக் காட்டினார், இண்டர்காமைத் திரும்பத் திரும்பக் காட்டினார். பால்கனிக் கதவை மட்டும் மறைத்தாற்போல நின்றுகொண்டார்.

"அந்தாண்ட இன்னா தம்பி?" கேட்டது அம்மாதான்.

"ஒண்ணுமில்லமா, வெறும் மரம். ஏசி போட்டுட்டீங்கன்னா கதவத் தொறக்கவே வேணாம்."

"தொற, பாக்கலாம்."

திறந்தார். கீழே வேப்ப மரங்கள், மதில், மதிலுக்குள் வரிசை வரிசையாகச் சிலுவைகள். நம் கல்லறைத் தோட்டம்! அதன் வாசல் வேறு தெருவில், சுற்றிக்கொண்டு போகிற வழி. இரண்டும் முதுகோடு முதுகாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"வர்றவங்க எல்லாம் இதப் பாத்துட்டுத்தான் ஓடிடறாங்கமா" என்றார் மேனேஜர், முகம் தொங்கிப்போய். அவ்வளவுதான், அம்மா இந்தப் பக்கமே திரும்பாது என்று நினைத்தேன்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எதையோ தேடியது. உங்கள் அடக்கத்தன்று அங்கே வந்ததோடு சரி. முட்டி வலி, அப்புறம் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. கோபித்துக்கொண்டீர்களா அப்பா?

"தோ, கொழாயடிக்குப் பக்கத்துல, புது சிலுவ. அதாண்டி அப்பா!" என்றது. உடனே குரல் மாறியது. "அய்யய்யோ, அவரு மேல ஆடு ஏறி நிக்குது பாரு! தே! எறங்கு! சனியனே, எறங்குன்றேன்ல!"

ஒன்பதாம் மாடியிலிருந்து அப்படி ஒரு கத்தல். நீங்கள் போனதிலிருந்து நான் கேட்காத குரல். ஆடு அசையவே இல்லை. மேனேஜர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

"இந்த வூடே இருக்கட்டும் தம்பி" என்றது அம்மா. "சாவி எப்போ தருவே?"

நேற்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். ஒன்றுதான் தெரிந்துகொள்ள ஆசை. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் தெரிவோமா? எல்லாப் பால்கனியும் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மற்றவர்கள் கதவைச் சாத்தியே வைத்திருப்பார்கள். நம் கதவு திறந்தே இருக்கும், இது நான் தரும் வாக்கு. சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள் அப்பா. அம்மா ஆட்டைத்தான் விரட்டுகிறது.

உங்கள் மூத்த மகள்,
ஒன்பதாம் மாடிக்காரி பிலோமினா