ஐந்தாவது வாரம்

ஜூன் 10, 2025

நானும் வீட்டுக்காரரும் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுப் போடிக்குத் திரும்பினோம். நாற்பது நிமிடம் கெட்டமின் சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கியது. தொட்டிலில் கிடப்பதுபோல் ஒரு மிதப்பு. எட்டு வருஷம் எத்தனையோ மாத்திரை விழுங்கியும் அசையாத மனச்சோர்வு இந்த மருந்துக்குத்தான் விலகியது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. ஸ்தோத்திரம்.

எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "கர்த்தர் கிருபையால நல்லாயிருக்கேன்" என்றேன். அவர் சந்தோஷப்பட்டு, அடுத்ததை ஐந்து வாரம் கழித்துப் போடலாம் என்றுவிட்டார்.

என்ன வாய் இது எனக்கு? போன ஊசிக்கு அப்புறம் மூன்றாவது வாரக் கடைசியில் சோறு இறங்காமல் கிடந்தேனே, அதைச் சொல்ல வேண்டாமா?

ஜூன் 15

நாத்தனார் ஜெபராணி வீட்டில் விருந்து. மீன் குழம்பு எனக்கு மட்டும் இல்லை. கேட்டால், "கெட்ட மீனு தின்னுதான் மதுரைக்கு ஊசி போடப் போறியாம்ல?" என்கிறார். கெட்டமின் அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது! சிரித்து வயிறு வலித்தது.

ஜூலை 8

நான்கு வாரம். எங்கள் பாத்திரக்கடைக்குப் போகவில்லை. தலை வாரவில்லை. மகள் சாராள் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடமாடுகிறாள். பாவம் பிள்ளை.

ஜூலை 10

எதுக்கு எழுதணும்.

ஜூலை 11

இவர் வந்து கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்றார். கிருபை என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"ஷீலா, பாஸ்டர் கேட்டா கிருபைன்னு சொல்லு. டாக்டரம்மா கேட்டா உள்ளதச் சொல்லு. அவுக என்ன ஜெபம் பண்ணவா கேக்குறாக?"

உடைஞ்சு போயிட்டேன். போன் போட்டுக் கையில் கொடுத்தார். "நல்லா இல்ல டாக்டர். மூணு வாரத்துக்கு மேல தாங்கல." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. நாளைக்கே வாருங்கள், இனி மூன்று வாரமாகவே வைத்துக்கொள்வோம் என்றார். இதைச் சொல்லவா இத்தனை நாள் பயந்தேன்?

ஜூலை 13

நேற்று ஊசி. இன்று மூன்று இட்லி. நாலாவது கேட்டபோது இவர் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். இந்த மனுஷனைக் கொடுத்ததற்கு நன்றி.

ஆகஸ்ட் 21

நாளை மறுநாள் மதுரை. இந்த வாரம் தூக்கம் கொஞ்சம் கெட்டிருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொல்வேன்.

காலையில் சாராள் கதவைப் படாரென்று சாத்தினாள். கல்லூரிக்கு நான் தேய்த்து வைத்த சுடிதார் பிடிக்கவில்லையாம். "ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, பேசாம இரு" என்றாள். நானும் விடவில்லை. சரிக்குச் சரி கத்தியதில் அவளுக்குப் பஸ் போய்விட்டது.

எட்டு வருஷம் கழித்து என் மகள் என்னோடு சண்டை போட்டாள். ஸ்தோத்திரம், ஆண்டவரே.