இளைத்துப் போன அண்ணிக்கு

அண்ணி,

இன்று காலையில் பக்கத்து வீட்டில் மல்லாட்டை வேகவைத்தார்கள். கொல்லையிலிருந்து மண்ணோடு பிடுங்கி வந்த புது வேர்க்கடலை. உப்புப் போட்டு மூடிய குண்டானிலிருந்து வாசனை சுவரேறி வந்தது. ஊருக்கெல்லாம் அந்த வாசனையில் பசியெடுக்கும், எனக்கு மட்டும் வயிறு நிரம்பிவிடும். அதற்கு நீங்கள்தான் காரணம். ஒரு வருஷம் முழுக்க முறத்தில் கொட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, "இன்னும் நாலு தின்னு பாப்பா" என்று உரித்து உரித்துக் கொடுத்தீர்களே, அந்த வயிறு இன்னும் காலியாகவில்லை.

நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. இதுவரை நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததில்லை. சோம்பல் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போதும் தெளிந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அண்ணனுக்கு உங்களைப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் வந்தபோது நானும் வந்திருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா உங்கள் குணத்தைப் பற்றியோ படிப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்செல்லாம் உங்கள் உடம்புதான். "பொண்ணுன்னா இப்படி இருக்கணும். கையைப் புடிச்சா எலும்பு தட்டக்கூடாது. வந்து நின்னான்னா வீடே நெறைஞ்சிடும்" என்று முன் சீட்டுக்காரருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டார். நான் என் மணிக்கட்டைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டேன். அதைப் பிடித்தால் எலும்பைத் தவிர வேறொன்றும் தட்டாது.

அந்த மணிக்கட்டுதான் என் கல்யாணத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் கல்யாணம் ஆகிச் சில மாதங்களில் என்னைப் பார்க்க வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அது நாகரிகம். இரண்டாவதாக வந்த அம்மாள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணிக் குடம் தூக்குமா இது?" என்று உங்களிடமே கேட்டார். நான் சமையலறைக்குள் போய் அழுதேன். நீங்கள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அடுப்பைப் பற்றவைத்தீர்கள்.

அன்று தொடங்கியதுதான் அந்த வருஷம். காலையில் வெந்தயக் களி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். பகலில் மல்லாட்டையும் வெல்லமும். சாயங்காலம் எள்ளுருண்டை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்களே, எனக்கு எள்ளு, உங்களுக்குக் கொள்ளு என்று நான் கேலி செய்தால், "எனக்கு எதுக்கு கொள்ளு? என்னை யாரு வேணாம்னாங்க?" என்று இடுப்பில் கைவைத்து நிற்பீர்கள். உண்மைதான். அந்த வீட்டில் உங்களை வேண்டாம் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. புதுப்புடவை கட்டி நீங்கள் கோயிலுக்குக் கிளம்பினால் அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்ப்பார், யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள.

ஆனால் என் உடம்பு நன்றி கெட்ட உடம்பு. தின்றதெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து மூன்றாவதாக மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று தெரிந்த அன்று, நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். பிறகு பெட்டியைத் திறந்தீர்கள். புடவைக்குள் மூன்று பாவாடை கட்டினீர்கள், அதில் ஒன்று உங்களுடையது, இரண்டாக மடித்தது. உங்கள் ரவிக்கையைப் பிடித்துத் தைத்து அதற்குள் துண்டை மடித்து வைத்தீர்கள். சித்திரை வெயில். மலை சூட்டைக் கக்குகிற நேரம். நான் வந்தவர்கள் எதிரில் உட்கார்ந்து தொப்பலாக நனைந்தேன். "பொண்ணுக்கு வெக்கம், அதான் வேர்க்குது" என்று சொல்லிவிட்டு நீங்கள் விசிறியை எடுத்தீர்கள். நிச்சயமாகிவிட்டது.

கல்யாணத்தன்றும் அதே மூன்று பாவாடை. நாலாம் நாள் கிணற்றடியில் என்னைப் பார்த்த மாமியார், சீர் முறுக்கோடு வந்திருந்த உங்களிடம் கேட்டார்: "பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு பொண்ணு இருந்துச்சே, அது எங்கம்மா?"

நீங்கள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கல்யாண அலைச்சலுங்க, இளைச்சிட்டா. நீங்கதான் பாத்துத் தேத்தணும்" என்றீர்கள். மாமியாருக்கு உடனே மனம் இளகிவிட்டது. அன்று மதியம் என் இலையில் நெய் இரண்டு கரண்டி விழுந்தது. இளைத்துவிட்டாள் என்றால் அப்போதெல்லாம் யாருக்கும் இரக்கம் வரும். யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பதே "ஏன் இப்படி இளைச்சிட்டே?" என்றுதான். உங்களைப் பார்த்தும் உங்கள் அம்மா அதைத்தான் கேட்பார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் தோட்டத்துப் பக்கம் ஓடுவேன்.

எப்போது மாறியது, அண்ணி? எவ்வளவு யோசித்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. அண்ணன் பயிற்சிக்கு மெட்ராஸ் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தாரே, அப்போதா? எதிர் வீட்டில் டிவி வந்து ஞாயிற்றுக்கிழமை தெருவே அங்கே போய் உட்கார்ந்ததே, அதிலிருந்தா? வாரப் பத்திரிகையில் எடை குறைக்க வழிகள் என்று எழுத ஆரம்பித்தார்களே, அதுவா? எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் பார்த்தால், என்னைப் பார்த்து நோஞ்சான் என்றவர்கள், "ரெண்டு பெத்தும் எப்படி இப்படியே இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உங்களைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் நீங்கள் வந்தால் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். நீங்கள் அதே நீங்கள்தான். இரண்டு பிரசவத்தில் ஒரு சுற்று கூடியிருக்கும், அவ்வளவுதான்.

இனி எழுதப்போவதை நீங்கள் இருக்கும்போது சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. என்னைப் புகழ்ந்த அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. சத்தியமாக இனித்தது. எனக்காக ஒரு வருஷம் களி கிண்டியவர் பக்கத்தில் நிற்கும்போதே இனித்தது.

அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தபோது ஆபீஸில் குடும்பத்தோடு போட்டோ எடுக்கிறார்கள் என்றார்கள். நான் பிள்ளைகளோடு உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். நீங்கள் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துத் தயாராக வந்து நின்றீர்கள். அண்ணன் உங்களைப் பார்த்துவிட்டு, "நீ வேணாம்மா. பாதி போட்டோ உனக்கே போயிடும், ஆபீசர் எங்க நிப்பாரு?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரித்தேன். எல்லோரையும்விட அதிகமாக நீங்கள் சிரித்தீர்கள். அண்ணன் பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். நீங்கள் பட்டுப்புடவையோடே உட்கார்ந்து அரிசி புடைத்தீர்கள். நான் ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தண்ணிக் குடம் தூக்குமா என்று கேட்டவளைப் பழி வாங்கியதாக நினைத்தேனோ என்னவோ. அப்படியென்றாலும் அவள் எங்கே, நீங்கள் எங்கே.

அடுத்த மாதமே நீங்கள் மலை சுற்ற ஆரம்பித்தீர்கள். வாரத்தில் மூன்று நாள், விடிவதற்குள் கிளம்பி, வெறுங்காலோடு. ஏதோ வேண்டுதல் என்று வீட்டில் சொல்லியிருந்தீர்கள். சுற்றும் வழியிலேயே என் வீடு இருந்ததால் வெயில் ஏறும் நேரத்துக்கு என் வாசலில் வந்து உட்காருவீர்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு உங்கள்மேல் அப்படி ஒரு மரியாதை, பௌர்ணமிக்கு மட்டும் வருகிறவர்கள் நடுவில் இப்படியொரு பக்தியா என்று. என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னீர்கள். "சாமிக்குத் தெரியும், நான் எதுக்குச் சுத்துறேன்னு. கோவிச்சுக்க மாட்டாரு" என்றீர்கள். ராத்திரிச் சோற்றை நிறுத்தினீர்கள். கொள்ளு ரசம் குடித்தீர்கள். ஆறு மாதமாகியும் ஒன்றும் கம்மியாகவில்லை.

அதற்குப் பிறகு திடீரென்று இளைத்தீர்கள். ஒவ்வொரு முறை வாசலில் வந்து உட்காரும்போதும் ரவிக்கை இன்னும் கொஞ்சம் தொளதொளத்தது. என் பக்கத்து வீட்டுக்காரி, "அக்கா, கல்யாணப் பொண்ணாட்டம் ஆயிட்டீங்க" என்றாள். நீங்கள் தலையைக் குனிந்து சிரித்தீர்கள். உங்கள் முகத்தில் வெட்கத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அண்ணன்கூட உங்களை வேலூருக்கு ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப்போனார்.

தண்ணீர் கேட்பீர்கள். ஒரு சொம்பு கொடுப்பேன், இன்னொன்று கேட்பீர்கள், மூன்றாவதும் காலியாகும். நடந்து வந்த களைப்பு என்று நினைத்தேன். ஒரு நாள் நீங்கள் சொம்பை அண்ணாந்தபோது கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. எனக்குள் பழைய பயம் ஒன்று எழுந்தது. அம்மாவும் உங்கள் அம்மாவும் என் மாமியாரும் பயந்தார்களே, அந்தப் பயம். "என்ன அண்ணி, இப்படி…" என்று ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் சொம்பை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று ஒரு குழந்தை காத்திருப்பதுபோல் காத்திருந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் வார்த்தையை மாற்றிக்கொண்டது. "அழகாயிட்டீங்க" என்றேன்.

காலில் குத்திய கருவேல முள்ளை நீங்களே பிடுங்கி எறிந்திருந்தீர்கள். அது புண்ணாகி, மஞ்சள் வைத்தும் ஆறாமல் ஒரு மாதம் கிடந்தது. டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "போனா நடக்காதேம்பாரு. இப்பதான் பாப்பா என்னை நாலு பேரு நல்லாருக்கேன்னு சொல்றாங்க. கொஞ்ச நாளு போகட்டும்" என்றீர்கள். நானும் விட்டேன். காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறி, கால் விஷம் உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார் டாக்டர். எத்தனை மாசமா இளைக்கிறாங்க என்று கேட்டார். "மலை சுத்துறா சார், அதனாலதான்" என்றார் அண்ணன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

மலையைச் சுற்றிச் சுற்றி அந்த அண்ணாமலையாரே கூப்பிட்டுக்கொண்டார் என்று ஊர் சொல்லியது. அண்ணன் வெகுகாலம் கழித்து, "என் வாய்தான்" என்று ஒருநாள் சொல்லி அழுதார். என் வாயைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

எனக்கு இதில் ஒன்றும் புரியவில்லை, அண்ணி. அந்தக் காலத்துக் கண்களோடு உங்களைப் பார்த்திருந்தால் பயந்திருப்பேன், பிழைத்திருப்பீர்கள். அந்தக் காலத்துக் கண்கள்தானே என்னை மூன்று பாவாடை கட்ட வைத்தன? உங்கள் இளைப்பில் உங்கள் நடை எவ்வளவு, நோய் எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? ஒருத்தர் உடம்பைப் பற்றிப் பேசவே கூடாது என்று என் மகள் சொல்கிறாள். சரியென்றுதான் படுகிறது. ஆனால் பார்த்துப் பேசாமல் போனால் ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த மகள்தான் போன மாதம் வந்திருந்தாள். வெளியூரில் வேலை, ஆறு மாதம் கழித்து வருகிறாள். பாதியாகிவிட்டிருந்தாள். வந்தவர் போனவரெல்லாம் புகழ்ந்தார்கள். நான் அவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"நீயா இளைச்சியா, தானா இளைச்சியா?" என்று கேட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது. "ஆறு மாசம் நாக்கைக் கட்டி இளைச்சிருக்கேம்மா. எல்லாரும் சொல்லிட்டாங்க. அழகாயிட்டேன்னு உன் வாயில மட்டும் வராதா?" என்றாள்.

நான் ரத்தப் பரிசோதனை என்று ஆரம்பித்தேன். அவள் விருட்டென்று போய்விட்டாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் காகிதத்தை என் முன்னால் போட்டாள். ஒன்றுமில்லை, எல்லாம் சரியாக இருந்தது. இப்போதாவது சொல் என்பதுபோல் எதிரில் நின்றாள். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தாள். சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அந்த வார்த்தையை நான் கடைசியாகச் சொன்னது உங்களிடம், அண்ணி.