பதினாலு ஜூலையில் பற்றாத நெருப்பு

என் ஜென்ம எதிரியும், பனிமலைகளின் ஏகச் சக்கரவர்த்தியும், என் ஒரே தங்கையின் புருஷனுமாகிய அன்பு மாப்பிள்ளை இரிசப்பனுக்கு,

நீ செத்துப்போய் இன்றோடு இருபது நாள் ஆகிறது. இந்த இருபது நாளில் உன்மேல் எனக்குள்ள கோபம் ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையவில்லை. தெருவில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒருவனோடு ஆறு வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நடுவில் எழுந்து போவதென்றால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? காலை காபியைப் பாதி குடித்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே போய்விட்டாய். இதுவா பட்டாளத்து ஒழுங்கு?

இங்கே அக்னி நட்சத்திரம். பகலில் கடற்கரைச் சிலைகளெல்லாம் பீடத்தை விட்டு இறங்கி நிழலில் நின்றுவிட்டு, சாயங்காலம் மறுபடி ஏறிக்கொள்கின்றன. நீ இருக்கிற இடத்தில் எப்படி? குளிரா? குளிர்தான் உனக்கு ராசி.

உன்னை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று இனிமேலாவது தெரிந்துகொள். எங்கள் குடும்பத்தில் கதை சொல்வது என்றால் நான்தான். என் தங்கை தனத்துக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. நான் பிடித்த சுறாவின் வாலை வம்பாக்கீரப்பாளையத்தில் அறுத்துக்கொண்டிருந்தபோது தலையைக் கடலூரில் குழம்பு வைத்துவிட்டார்கள். நான் வேலை செய்யும் மேட்டுப்பாளையத்து ஐஸ் பேக்டரியில் என் கையால் செய்த ஒரு ஐஸ் பார், லாரியில் போன வழியெல்லாம் வெயிலுக்கு ஜலதோஷம் பிடிக்க வைத்தது. இதையெல்லாம் யாராவது நம்பினார்களா? இல்லை. ஆனால் சோற்றில் கை வைத்தபடி, வாயைத் திறந்தபடி கேட்டார்கள். எனக்கு அது போதும்.

பிராங்க் போய் யூரோ வந்த வருஷம், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை முடிந்து, பென்சனோடும் நாலு மெடலோடும் நீ வந்து இறங்கினாய். தெருவே 'சொல்தா வந்துட்டாரு' என்றது; பட்டாளத்துக்காரனுக்கு இங்கே அதுதான் பேர். முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் யாரோ கேட்டார்கள் என்று, பனிமலையில் ஐஸ் கட்டியைப் பூதக்கண்ணாடி போலத் தேய்த்து, அதில் வெயிலை வாங்கி நெருப்பு மூட்டினேன் என்றாய். மொத்தம் ஐந்தாறு வாக்கியம். கை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு ரசம் கேட்டாய்.

பந்தி முழுக்க உன் பக்கம் திரும்பியது. என் சுறாவை அன்றைக்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. முப்பது வருஷம் நான் கட்டிய கோட்டையை ஐந்தாறு வாக்கியத்தில் இடித்துவிட்டு ரசம் கேட்கிறவனை என்ன செய்வது? நீயே சொல்.

நான் செய்ததைச் சொல்கிறேன். உன் கதையை நானே ஊரெல்லாம் பரப்பினேன். உன் பனிமலையில் நாற்பது சிப்பாய்களை ஏற்றினேன். ஒரு கரடியை விட்டேன். கரடி குளிர் காய வந்து உனக்குச் சல்யூட் அடித்துவிட்டுப் போனது என்றேன். நெல்லித்தோப்பு சலூனில் அதற்கு இரண்டு குட்டிகளும் பிறந்தன. எல்லாவற்றையும் 'எங்க மாப்ளே சொன்னாரு' என்றுதான் சொன்னேன். ஒரு மாதத்தில் நீ ஊரறிந்த புளுகன். உனக்குக் காரணமே புரியவில்லை. இப்போது புரிந்ததா?

அப்புறம்தான் அந்தப் பதினாலு ஜூலை. பிரான்சின் திருநாள். வருஷா வருஷம் வயசான சொல்தாக்கள் கோட்டு மாட்டி, மெடல் குத்தி, கடற்கரையில் அணிவகுத்து நிற்கிற நாள். "அந்த ஜனத்துக்கு முன்னாடி செஞ்சி காட்டு மாப்ளே. ஐஸு நான் குடுக்கறேன்," என்றேன்.

"ஐஸு கண்ணாடியாட்டம் இருக்கணும் மச்சான். அந்தாண்டப் பக்கம் பேப்பர் வச்சா எழுத்து தெரியணும்."

"ஐஸப் பத்தி எனக்கே பாடம் நடத்தறியா? நான் அதுலயே பொறந்தவன்யா!"

இப்போது கேள். பேக்டரியில் தண்ணீரை நீளமான தகர டின்களில் ஊற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். ஒவ்வொரு டின்னுக்குள்ளும் ஒரு சின்னக் காற்றுக் குழாய் போகும். காற்று குமிழியிட்டுத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தால்தான் ஐஸ் தெளிவாக உறையும். காற்றை நிறுத்தினால் பால் மாதிரி வெளுத்துவிடும். மீனுக்குப் போட அது போதும்; வெயில் அதில் நுழையாது.

உனக்கென்று வைத்த டின்னுக்குப் போகும் குழாயை நான் மூடினேன். என் இந்தக் கையால். மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அன்றைக்குக் கடற்கரையில் நாலு மெடலும் மின்ன, கோட்டுக் கையை மடித்துவிட்டு, அந்த வெள்ளைக் கட்டியைத் தேய்த்தாய். தேய்த்தாய், தேய்த்தாய். அரை மணி நேரம் வெயிலில் பிடித்தாய். முழங்கை வழியாக ஒழுகிக் கோட்டெல்லாம் நனைந்தது. பற்றவைக்கக் கீழே வைத்திருந்த கருகின திரி அப்படியே கிடந்தது. உன்னோடு பட்டாளத்தில் இருந்தவர்களே சிரித்தார்கள். "கரடியக் கூப்புடு சொல்தா, அது வந்து ஊதும்," என்று ஒருவன் கத்தினான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது யார் என்று உனக்குத் தெரியும்.

கட்டியை முதலில் கையில் வாங்கியபோது அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். பிறகு தேய்க்கத் தொடங்கினாய். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்? ஆறு வருஷமாகக் கேட்க நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ எந்தப் பதினாலு ஜூலைக்கும் போகவில்லை. மெடல்கள் பீரோவுக்குள் போயின. உங்கள் வீட்டில் கதையும் நின்றது, பேச்சும் நின்றது. தனம் என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. ஜெயித்தவன் நான். பரிசு என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் சுறாவும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நீ போன அன்று மாலையோடு வந்தேன். பதினாறாம் நாள் கருமாதிக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன்தானே கோடிப் புடவை கொண்டுவர வேண்டும்? அதையும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தனை பேருக்கு நடுவில் தனம் நிமிர்ந்தாள்.

"என் புருசனப் பொய்யன்னு ஊரு சிரிக்க வச்ச கையால எனக்குக் கோடி வாண்டாம்."

"தனம், கோடி போடலைன்னா பொறந்த வூடே இல்லன்னு ஆயிடும்மா..."

"ஆவட்டும். ஐஸுல நெருப்பு புடிச்சிக் காட்டு. அவரு சொன்னது நெசம்னு ஊருக்கு முன்னாடி சொல்லு. அப்ப வாங்கிக்கறேன். இல்லன்னா எனக்கு அண்ணனும் செத்துட்டான்."

பார்த்தாயா உன் சூழ்ச்சியை? உயிரோடு இருந்தவரை உன்னைப் பொய்யனாக்க உழைத்தவன், நீ செத்த பிறகு உன்னை உண்மையாக்க வெயிலில் வேக வேண்டும். இதைவிடக் கொடூரமான பழிவாங்கலை எந்த ராஜாவும் செய்ததில்லை.

கருமாதிக்கு இருந்தது பதினைந்து நாள். பேக்டரியில் என்னோடு வேலை செய்கிற ஆறுமுகம் ஒருவனுக்குத்தான் விஷயம் தெரியும். அன்றைக்கு நான் குழாயை மூடியதைப் பார்த்தவனும் அவன்தான்.

"இப்ப மட்டும் காத்து ரெண்டு மடங்கா போவுதே, இன்னாண்ணே விசேசம்?" என்றான்.

"வாய மூடிக்கினு ரம்பத்தப் புடி."

தெளிந்த பாரின் ஓரத்திலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அறுத்தோம். இரும்பு வாணலியை லேசாகச் சூடுபடுத்தி, அதன் குழிவில் ஐஸை வைத்துச் சுற்றினால் அடிப்பக்கம் வளைந்து வரும். திருப்பிப் போட்டுச் சுற்றினால் மறுபக்கம். முதலாவது விரிசல் விட்டது. இரண்டாவது நழுவி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. நகம் இன்றைக்கும் கறுப்பு. ஐந்தாவது நாள் ஒளி ஓர் இட்லி அளவுக்குக் குவிந்தது. நெருப்பு இல்லை. ஒன்பதாவது நாள் வரை அதே இட்லி. உன்னைத் திட்டாத திட்டு இல்லை. பிறகுதான் நீ கடற்கரையில் உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தது நினைவுக்கு வந்தது. வாணலி வைத்த கோடுகளைக் கைச்சூடுதான் வழவழப்பாக்கும். தடவினேன். விரல் மரத்து, தோல் உரிந்தது. பன்னிரண்டாவது நாள் ஒளி ஒரு மிளகளவுக்குச் சுருங்கியது. ஆறுமுகத்தின் பீடிக்கட்டு புகைந்தது.

குதித்தேன். குதித்து இறங்குவதற்குள் ஒன்று உறைத்தது. நெருப்பு பிடித்தால் நீ பொய்யன் இல்லை. அப்படியானால் அன்றைக்கு ஏன் பிடிக்கவில்லை? அதே பேக்டரி, அதே சூரியன். இதைத் தனம் கேட்காமல் விடுவாளா?

"மூணு நாளு ஒடம்பு சரியில்லன்னு படுத்துக்கண்ணே," என்றான் ஆறுமுகம். நானும் அதை யோசித்தேன் என்பதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

கருமாதி அன்று உச்சி வெயிலில், உமிக்குள் புதைத்த மூன்று ஐஸ் வில்லைகளோடு உங்கள் மாடியில் ஏறினேன். உறவுக்காரர்களும் உன் பழைய சொல்தா கூட்டமும் நின்றிருந்தார்கள். சிரித்தவர்கள் அத்தனை பேரும். உன் படத்துக்கு முன் எரிந்த விளக்கிலிருந்து முந்தின நாள் கருகின திரியைத் தனம் தேங்காய் நாரில் வைத்துக்கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் வில்லை என் பதற்றத்தில் நழுவி உடைந்தது. இரண்டாவதைத் தூக்கும்போது ஒரு மேகம் வந்து, வில்லை உருகும்வரை நகரவில்லை. மேகத்தை நீதான் தள்ளிவிட்டாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவதைத் திரியிலிருந்து முக்கால் முழம் மேலே பிடித்தேன். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுகியது. உன் கோட்டு நனைந்தது போலவே என் சட்டை நனைந்தது. மிளகளவு வெளிச்சம் திரியில் நின்றது. ஒரு நூல் புகை. பிறகு ஒரு சிவப்புப் புள்ளி.

தனம் குனிந்து ஊதினாள். நார் பற்றிக்கொண்டது. அந்த நெருப்பில் கற்பூரம் கொளுத்தி, உன் படத்துக்கு விளக்கேற்றினாள். வயசான சொல்தா ஒருவர் தன்னையறியாமல் விறைத்து நின்று சல்யூட் வைத்தார். கரடி வைத்ததாக நான் சொன்ன அதே சல்யூட். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

தனம் திரும்பினாள். "அப்ப அன்னிக்கு ஏன் புடிக்கல?"

என்னிடம் அந்த நொடியில் ஆயிரம் கதை இருந்தது. கடல் காற்று, உப்பு, கிரகணம்.

"காத்துக் குழாய மூடிட்டேன். நான்தான். கரடியும் நாப்பது பேரும்கூட நான் வுட்டதுதான். இரிசப்பன் சொன்னது அத்தினியும் நெசம்."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கையிலிருந்த புடவையை வாங்கிக்கொண்டாள்.

"இது பொறந்த வூட்டுது, அதனால வாங்கறேன். உன்னாண்ட எனக்குப் பேச்சு கெடையாது. பேசணும்னா ஒண்ணு பண்ணு. அவரு கதைய நீ எங்கெங்க கெடுத்தியோ அங்கெல்லாம் போயி, அவரு சொன்ன மாதிரியே சொல்லிட்டு வா. ஒண்ணும் சேக்கக்கூடாது. ஒரு கரடி வந்துச்சின்னு கேள்விப்பட்டேன், அவ்ளோதான்."

இது எப்படிப்பட்ட தண்டனை என்று உனக்குத்தான் தெரியும். நேற்று நெல்லித்தோப்பு சலூனில் ஆரம்பித்தேன். நாக்கின் நுனியில் ஓர் ஓநாய் வந்து நின்றது. விழுங்கினேன். இன்னும் தொண்டையில் இருக்கிறது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. உண்மையைச் சொல்லி என்னைத் தோற்கடித்ததற்கும், அந்த ஒரு பார்வையோடு வாயை மூடிக்கொண்டதற்கும் மன்னிக்கவே மாட்டேன். தெரிந்தேதான் அந்த வெள்ளைக் கட்டியைத் தேய்த்தாயா மாப்ளே? என் மானத்துக்காகவா? அப்படியென்றால் உன்னைப்போல் மோசமானவன் உலகத்தில் இல்லை.

ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன். வருகிற பதினாலு ஜூலை அன்று உன் மெடல்களைக் கேட்டு வாங்கி, கடற்கரையில் அதே இடத்தில் நின்று, சிரித்தவர்களுக்கு முன்னால் சொல்வேன். இப்படித்தான் சொல்வேன். சரியா என்று பார்த்துக்கொள்:

மலையில் மூன்று பேர் வழி தவறினார்கள். தீப்பெட்டி நனைந்துவிட்டது, லைட்டரில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. ஒருவனுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. இரிசப்பன் உறைந்த ஓடையிலிருந்து ஒரு துண்டு ஐஸை உடைத்து, கையால் தேய்த்து, லைட்டரின் கருகின திரியில் வெயிலைப் பிடித்தான். நெருப்பு வந்தது. மூன்று பேரும் திரும்பி வந்தார்கள்.

மூன்று பேர்தான். எண்ணிவிட்டேன்.

இப்படிக்கு,
குழாயை மூடிய கைக்குச் சொந்தக்காரன்,
தனத்தின் அண்ணன், உன் மச்சான்
வேணு