மூன்று பெயரும் ஒரு நிபந்தனையும்

திங்கள், காலை
யூரோப்பா பனி நிலையம். பதிபவர்: செல்வமேரி, கணினிப் பொறியாளர். காற்றழுத்தம் சரி. மீட்புக் கப்பல் வியாழக்கிழமை இறங்கும்.

பைத்தான் நிரலை ஓட்டினேன். அது பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் உடல்நல அகராதியில், அதாவது ஆளுக்கு எதிரே அவர் நிலையைக் குறித்த பட்டியலில், தேடும். மதிப்பு 'நலம்' என்றிருந்தால் பெயர் நிற்கும், இல்லையென்றால் உதிரும். நின்றவர்களுக்கு மட்டுமே கதவுகள் திறக்கும். நிலையத்தில் இருக்கும் எங்கள் மூவரின் பெயரையும் கொடுத்தேன், இரண்டுதான் வந்தது. நிலவியலாளர் வடமலைக்கு எதிரே 'தொற்று' என்றிருக்கிறது. தனிமை அறை அவரை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டது. காலையில் அவர் நன்றாகச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

திங்கள், மாலை
அகராதியில் எழுதுபவர் டாக்டர் சமீமா ஒருவர்தான். 'நலம்' என்றே எழுதியதாகச் சொல்கிறார். போன வாரம் அவருக்கும் வடமலைக்கும் பெரிய சண்டை. நான் நம்பவில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். இனி நான் மட்டுமே எழுத முடியும்.

செவ்வாய், காலை
ஒரு பெயர்தான் வந்தது. என்னுடையது.

சமீமாவும் இப்போது தனிமை அறையில். கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிதானமாகக் கேட்டார்: "பூட்டு உங்க கையில. மிச்சம் இருக்கறதும் உங்க பேரு. நாங்க என்னன்னு நினைக்கிறது, மேரி?"

நிரலை வரி வரியாகப் பார்க்க உட்கார்ந்தேன்.

புதன்
நிரலில் பிழை இல்லை. மதிப்புகள் சுற்றுப்பாதையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து வந்த சமிக்ஞையால் மாறியிருக்கின்றன. விளக்கம் கேட்டேன். மையத்தின் பதில்:

"கப்பலில் எரிபொருள் கசிவு. ஒருவரைத்தான் சுமக்கும். உங்களைத் தேர்ந்திருக்கிறோம். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்."

கண்ணாடி முன் நின்று இருவருக்கும் படித்துக் காட்டினேன். சமீமா தரையைப் பார்த்தார். வடமலை என்னையே பார்த்துச் சொன்னார்:

"இதையும் நீங்களே எழுதியிருக்கலாமே, மேரி."

வியாழன், காலை
நிரலில் 'நலம்' கேட்கும் நிபந்தனை வரியை அழித்தேன். அகராதியைக் கேட்காத பட்டியல் மூன்று பெயரையும் தந்தது. கதவு திறந்தது. கப்பல் இறங்கிவிட்டது. கப்பலில் வந்த ஆய்வுக் கருவிகளையும் சரக்கையும் இறக்கிப் போட்டால் மூவரும் போகலாம் என்பது என் கணக்கு. சரிதானா, தெரியாது. வடமலை என்னை முன்னால் நடக்கச் சொன்னார்.

வியாழன், கப்பலுக்குள்
குரல் பதிவு. எழுத முடியவில்லை. எல்லாவற்றையும் இறக்கியாயிற்று. கப்பல் இன்னும் எழவில்லை. மையம் பேசியது, மூவர் காதிலும் விழுந்தது:

"பாரம் அதிகம். மேரி, நீங்க கம்பியைப் பிடிச்சுக்குங்க. சரின்னு சொன்னா போதும், வெளிக்கதவை இங்கிருந்தே திறந்துடுறோம். மத்த ரெண்டு பேரையும் காத்து வெளியே தள்ளிடும்."

சமீமா என் வலது கையைப் பிடித்திருக்கிறார். இடது கையை வடமலை. பயத்தில் பிடிக்கிறார்களா, என்னைப் பிடித்துவைக்கிறார்களா, தெரியவில்லை. யாரும் கம்பியைப் பிடிக்கவில்லை.

மறுபடியும் கூப்பிடுகிறார்கள். பிடி இறுகுகிறது. நான் இன்னும் எதுவும் சொல்ல— (பதிவு இங்கே அறுபடுகிறது.)