ஆரணியின் ஆடு ஏலம் போகாத நாள்

என் செல்ல அக்காவுக்கு,

உன் மகள் ஆரணி ஆடு விற்கப் போன கதையை நீ கேட்டிருக்க வேண்டும். பாரிஸ் லாச்சப்பலில் பிறந்து, ரூ பஜோல் தெருவில் தேர் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஒரு செம்மறியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ சிரித்திருப்பாய். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கண்ணை மூடிய இரண்டாம் வருடம் அவள் விவசாய லிசேயில், அதுதான் விவசாயம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில், சேரப் போகிறேன் என்றாள். பாரிசிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம், விடுதியில் தங்க வேண்டும். அத்தான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டு இஞ்சை வந்தது, பிள்ளை ஆடு வளர்க்கவோ?" என்று என்னிடம்தான் கத்தினார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். வருடக் கடைசியில் அந்த ஊர்க் கண்காட்சியில் மாணவர்கள் வளர்த்த ஆடுகளை ஏலம் விடுவார்கள். அவளுடைய ஆடு ஏலம் போனால் தொடர்ந்து படிக்கலாம். போகாவிட்டால் செவ்ரான் வீட்டுக்குத் திரும்பி வந்து கணக்கியல் படிக்க வேண்டும். அவள் உடனே ஓம் என்றாள்.

அந்த ஏலம் எப்படி நடக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குட்டியை மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்க்கிறது. கண்காட்சியன்று காலையில் எடை நிறுத்து, முதுகில் இலக்கம் ஒட்டுகிறார்கள். நடுவர் வந்து முதுகையும் தொடையையும் அமத்திப் பார்க்கிறார். பிறகு மரத்தூள் பரப்பிய வட்டத்துக்குள் பிள்ளையே ஆட்டை நடத்தி வர, சுற்றி நிற்கும் இறைச்சிக் கடைக்காரர்கள் விலை கேட்கிறார்கள். பிள்ளைகளை உற்சாகப்படுத்தக் கொஞ்சம் கூட்டியே கேட்பார்களாம். வாங்கியவரின் வண்டியில் ஆட்டை ஏற்றிவிடுவதும் பிள்ளைதான். அதன் பிறகு அது இறைச்சி. ஆரணிக்கு இது முதல் நாளே தெரியும். தெரிந்தும் அதற்கு 'மொசியூ', அதாவது 'ஐயா', என்று பெயர் வைத்திருந்தாள்.

நானும் அத்தானும் போய்ச் சேர்ந்தபோது அவள் கொட்டகைக்குள் வைக்கோலில் குந்தியிருந்தாள். கையில் மிருக வைத்தியர் தந்த ஒரு தாள்.

"சித்தி, அப்பா எங்கை?"

"கோப்பி வாங்கப் போயிட்டார். என்ன பிள்ளை, முகம் வெளுத்துக் கிடக்கு?"

மொசியூவுக்குக் கால் குளம்பில் சீழ் வைத்து, மிருக வைத்தியர் இரண்டு ஊசி போட்டிருக்கிறார். அந்த மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை இறைச்சிக்கு விற்கக் கூடாது. இவள் முதல் ஊசியிலிருந்து நாளை எண்ணிவிட்டாள். இரண்டாவது ஊசியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்பதை அப்போதுதான் கவனித்திருக்கிறாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சித்தி."

"ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. படிப்பிக்கிற புரொப் நான் எழுதித் தந்த திகதியைத்தான் பாத்தவர்."

வட்டத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும், ஆட்டின் உடம்பில் மருந்து இல்லை என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? "ரெண்டு நாள்தானே, ஆருக்கும் ஒண்டும் ஆகாது. கையெழுத்தை வை. அப்பா சொன்னது மறந்து போச்சோ?"

அவள் எழும்பி நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"அம்மாட வருத்தத்தையும் இப்பிடித்தான் மறைச்சனீங்கள். அல்சர் எண்டனீங்கள். ஆஸ்பத்திரிக் கடுதாசியை நான் அலுமாரிக்குள்ளை கண்டனான் சித்தி."

அவளுடைய பரீட்சை முடியட்டும், அதுவரை சொல்லாதே என்று நீதான் கேட்டாய். பரீட்சை முடிந்தபோது நீ இருக்கவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருடம் நான் வாய் திறக்கவில்லையே, அது யார் கேட்டு?

அவளைக் கூப்பிட்டு விட்டார்கள். மொசியூவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் வட்டத்துப் பக்கம் போனாள்.

அத்தான் மூன்று கோப்பியோடு வந்து என் பக்கத்தில் நின்றார். அவளுக்கு முன்னால் ஆறு பிள்ளைகள். ஒவ்வொரு ஆடாக உள்ளே வந்தது. ஏலம் கூறுபவர் மூச்சு விடாமல் அடுக்கினார், வாங்குபவர்கள் தலையை மட்டும் அசைத்தார்கள். அத்தான் எக்கி எக்கிப் பார்த்தார். "இதை விட எங்கடை ஆடு திறம்" என்றார். எங்கடை ஆடு! ஒரு வருடமாக அவர் வாயில் வராத சொல். அவரிடம் சொல்லவா, விடவா?

அவளுடைய முறை வந்தது. மேசையிலிருந்த பெண் பேனையை நீட்டினாள். ஆரணி அதை வாங்கவில்லை. குனிந்து ஏதோ சொன்னாள். அந்தப் பெண் அங்கே நின்ற மிருக வைத்தியரைக் கூப்பிட்டாள். அவர் தாளைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், கூடாது என்று தலையை ஆட்டினார். மொசியூவின் பதினேழாம் இலக்கம் விலக்கப்பட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

"என்னவாம்? ஏன் நிப்பாட்டினவை?" அத்தான் கூட்டத்தை விலத்திக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

அவரோடு எப்போதும் பிரெஞ்சில் பேசும் பிள்ளை, தமிழில் சொன்னாள்: "அப்பா, நான் நாளைப் பிழையா எண்ணிப்போட்டன். மருந்து இன்னும் உடம்பிலை இருக்கு. விக்கேலாது."

"ஆர் கண்டுபிடிச்சது?"

"ஒருத்தரும் இல்லை. நான்தான் சொன்னனான்."

"சித்திக்குத் தெரியுமோ?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நிலத்தைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: "தெரியும் அத்தான். கையெழுத்து வையெண்டு சொன்னது நான்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் ஆட்டின் கழுத்தில் கை வைத்தார்.

"இருபது வருசமா ரெஸ்ரோறன் குசினியிலை இறைச்சி வெட்டுறன். பெட்டியிலை ஒட்டியிருக்கிற சீட்டை நம்பித்தான் வெட்டுறன். அதுக்குப் பின்னாலை இப்பிடி ஒரு பிள்ளை நிக்குதெண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை." பிறகு தன் கோப்பியை அவளிடம் நீட்டினார். "ஆறிப்போச்சு. எண்டாலும் குடி."

திரும்பி வரும் வழியில், செவ்ரான் வெளிச்சம் தெரிந்தபோது, அவர் என்னிடம் கேட்டார்: "அடுத்த வருச விடுதிக்கு எப்ப பதியவேணும்?"

அடுத்த கிழமை மொசியூவை ஓர் இறைச்சிக் கடைக்காரர் ஏலமில்லாமல் வாங்கினார். ஆரணியே வண்டியில் ஏற்றினாள். ஏற்றிவிட்டு எனக்கு அழைத்தாள். நான் வேலை செய்யும் கடையில், கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன்.

"ஒண்டும் கதைக்காதேங்கோ சித்தி. கேட்டுக்கொண்டு நில்லுங்கோ."

அவள் அழுதாள். நான் நின்றேன். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அம்மா கடைசியா என்ன சொன்னவ?" என்று கேட்டாள்.

அக்கா, இந்தச் சனிக்கிழமை அவள் வருகிறாள். உன் வருத்தத்தின் பெயரை, அது எங்களுக்குத் தெரிந்த நாளை, கடைசிக் காலை நீ என் கையைப் பிடித்துச் சொன்னதை, ஒன்றும் விடாமல் சொல்வேன். என் மேல் அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும். உனக்கும் வந்தால் வரட்டும். இந்த முறை நான் உன் சொல்லைக் கேட்கப் போவதில்லை.

இப்படிக்கு,
உன் தங்கை, உன் மகளுக்குச் சித்தி