மூடச் சொன்னது என்னுடையதை

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கம்பெனியை எங்களுக்கு விற்ற கையோடு நீ விலகப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதற்கு முன் இதைப் படித்துவிடு.

இது நாங்கள் வாங்கிய ஐந்தாவது கம்பெனி. ஒவ்வொன்றை வாங்கும்போதும், எந்த விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று முடிவுசெய்யும் மென்பொருள் இரண்டாகிவிடும்; ஒன்றை மூடியாக வேண்டும். இதுவரை வந்தவர்களுடையதைத்தான் மூடினோம். நான் எழுதியதே நிலைத்தது. "வாங்கி வாங்கி வீங்குறியேடி, இதுக்குப் பேரு வளர்ச்சியா?" என்று சண்டை போட்டுவிட்டுத்தானே நீ தனியாகப் போனாய்.

இந்த முறை ஒரு செருப்புக்கடைக்கு இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தேன். என்னுடையது, ஏற்கெனவே செருப்பு வாங்கியவர்களையே விடாமல் துரத்தியது. உன்னுடையது அவர்களை விட்டுவிட்டுப் புது ஆட்களைத் தேடிப் பிடித்தது. கடைக்காரர், "யாரு மேடம் செஞ்சது? பயங்கர மூளைக்காரங்களா இருக்காங்களே" என்றார். "என் ஃப்ரெண்டு" என்றேன். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்றுக் கூட்டத்தில் என்னுடையதை மூடச் சொல்லிவிட்டேன். "இத்தனை வருஷ உழைப்பாச்சே, யோசிச்சீங்களா?" என்று கேட்டார்கள். யோசித்துவிட்டேன் என்றேன். உன்னுடையதுதான் இனி எல்லாக் கடைகளுக்கும் ஓடும். அதற்குப் பொறுப்பு யார் என்றார்கள். உன்னைச் சொன்னேன்.

என் மேஜைக்கு எதிரே ஒரு மேஜை போட்டிருக்கிறேன். வேண்டாம் என்றால், அதில் வந்து உட்கார்ந்து சொல்.

இப்படிக்கு,
உன் முசுடு