தலைமை நர்சின் முதல் நாள்

தை மாதம், புதன்கிழமை இரவு

இன்று ஆஸ்பத்திரி வார்டுக்குள் செருப்போடு நுழைந்து, பெற்ற மகளிடமே திட்டு வாங்கினேன். தலைமை நர்சாக அவளுக்கு இன்றுதான் முதல் நாள். வயதில் மூத்த கம்பவுண்டர் அவள் சொல்லுக்குக் கட்டுப்படுவாரா என்று வேவு பார்க்கத்தான் மார்க்கையன்கோட்டையிலிருந்து வண்டி கட்டிப் போனேன்.

"மாமா, கையக் கழுவிட்டுக் கட்டுப் போடுங்க" என்றாள் அவரிடம்.

"முப்பது வருசமா இப்படித்தேன் போடுறேன் ஆத்தா."

"அப்ப முப்பது வருச அழுக்கும் சேந்து போகட்டும் மாமா."

வார்டே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மாமா என் பேச்சக் கேட்டாக, பாத்தீகளாப்பா?" என்றாள் வெளியே வந்து.

"என் பிள்ளையாச்சே!" என்று மீசையைத் தடவிக்கொண்டேன். இது அவளால் முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று போன வாரம் டாக்டரிடம் போய்க் கெஞ்சியவன் நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.